தாளமுத்து நடராசன் சமாதியிலிருந்து நாற்பது தப்படி

நைனாவை, அதாவது என் அப்பாவை, அடக்கம் பண்ணின இடத்துக்கு யாராவது வழி கேட்டால் நாங்கள் சொல்வது இதுதான்: வடசென்னையில் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குள் போய், தாளமுத்து நடராசன் சமாதிக்கு முதுகைக் காட்டி நின்று, மதில் பக்கமாக நாற்பது தப்படி. அங்கே ஒரு வேப்பமரம். மரத்தடியில் கடப்பைக் கல் ஒன்று, அதில் இரண்டு பெயர். ஒன்று நைனாவுடையது. இன்னொன்று, எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நான் நினைத்திருந்த ஒரு மனிதருடையது. ஒரே கல்லில் இரண்டு பெயர் வந்த கதையைத்தான் எழுதுகிறேன். எங்கள் தவறுகள் நிறைய இருப்பதால் யாருக்காவது உதவும்.

நைனா தங்கசாலைத் தெருப் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே எடுத்துக் கோர்ப்பார். நாங்கள் இருந்தது பழைய வண்ணாரப்பேட்டை. வருஷா வருஷம் ஜனவரி 25 வந்தால் என்னைத் தோளிலோ சைக்கிள் பாரிலோ ஏற்றிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போவார். அன்றைக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருவார்கள். கொடியும் கோஷமுமாய், ஆனால் கோவிந்தா இல்லாத கூட்டம். எனக்கு அது திருவிழா. அத்தைக்குத்தான் ஆகாது. "பொட்டப் புள்ளைய சுடுகாட்டுக்கு இட்டுக்கினு போறியே, உனக்கு புத்தி கெட்டுப் போச்சா" என்று வாசலிலேயே மறிப்பார். நைனா சிரித்துக்கொண்டே, "பொம்பளைங்க உள்ள போகக் கூடாதுன்னா தருமாம்பாள் அம்மா மட்டும் எப்படிக்கா உள்ள இருக்காங்க?" என்பார்.

தாளமுத்து, நடராசன், தருமாம்பாள் மூன்று பேருக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. 1937இல் வந்த ராஜாஜி ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர் நடராசன். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை. 1938 டிசம்பரில் கைதானார். சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். கும்பகோணத்துத் தாளமுத்து அதே வருஷம் மார்ச் மாதம். மறுவருஷம் 1940 பிப்ரவரியில் அந்த இந்தி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எழும்பூரில் சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கும் தாளமுத்து நடராசன் மாளிகையை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர்கள் எங்கள் பேட்டை மண்ணில் இருப்பது மாளிகைக்குப் போகிற எத்தனை பேருக்குத் தெரியும் என்று நைனா கேட்பார். ஜனவரி 25 என்பது இவர்கள் இறந்த நாள் என்று நானே வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்த நாள் 1964 ஜனவரி 25. அடுத்த வருஷம் மாணவர் போராட்டம் வெடித்ததும் அதே நாளில். நினைவு நாள் அவர்களுடையது, நினைவிடம் இவர்களுடையது.

தருமாம்பாள் சித்த மருத்துவர். 1938 நவம்பரில் வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். அதைத் தொடர்ந்து மறியல் செய்து சிறைக்குப் போன பெண்களில் இவரும் ஒருவர். தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு என்று 'இழவு வாரம்' அறிவித்தவரும் இவர்தான். இழவு வாரம் என்ற பெயரை நைனா சொல்லிச் சொல்லி ரசிப்பார்.

அந்த மூலக்கொத்தளம் என்ற பெயருக்கும் நைனாவிடம் விளக்கம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில், கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் ஒரு மதில் எழுப்பினான். அதன் செலவுக்குப் போட நினைத்த வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் சாலையில் மிச்சம். மதிலின் மூலையில் இருந்த கொத்தளம், மூலக்கொத்தளம். மதிலில் ஒரு துண்டு ராயபுரம் பக்கம் மாடிப்பூங்காவில் இன்னும் நிற்கிறது. இங்கே பெயர் மட்டும் நிற்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். 2009 ஜூலையில், விடிகாலை நாலு மணிக்கு, வீட்டிலேயே நைனா போய்விட்டார். ஐஸ் பெட்டி வந்தது, சாமியானா வந்தது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "எப்ப எடுக்குறீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் காகிதங்களைக் கோட்டை விட்டோம். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் பொறுப்பு நம்முடையது. முதலில் வேண்டியது இறப்புக்கான காரணம் எழுதிய டாக்டர் சான்று. நைனாவுக்கு வழக்கமாகப் பார்க்கிற தெருமுனை டாக்டர் இருந்ததால் அவரே வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். வயதானவர் வீட்டில் இருந்தால் இப்படி ஒரு டாக்டரைப் பழக்கத்தில் வைத்திருங்கள். முன்பின் தெரியாத டாக்டர் அந்த நேரத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார், அது அவர் தப்பும் இல்லை. பதிவுக்கு 21 நாள் கெடு. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷமே தாண்டினால் அதிகாரியின் உத்தரவு என்று இழுக்கும்.

நாங்கள் கெடுவுக்குள் பதிந்துவிட்டோம். ஆனால் பெயரைச் சொன்னது துக்கத்தில் இருந்த சித்தப்பா. ரேஷன் கார்டில் ஓர் இனிஷியல், பி.எஃப். தாளில் வேறு இனிஷியல், இவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் பிழை இல்லாமல் எழுத்துக் கோர்த்த மனுஷனுக்குக் கடைசிக் காகிதத்தில் எழுத்துப் பிழை. அம்மாவுக்குப் பணம் வர எட்டு மாதம் ஆயிற்று. இப்போதெல்லாம் சென்னை மாநகராட்சியின் இணையத்திலேயே இறப்புச் சான்றிதழை இலவசமாக எடுக்கலாம். அதனால் இன்னும் கவனம் வேண்டும். பதிகிறவரிடம் வாயால் சொல்லாதீர்கள். எந்தக் காகிதத்தை வைத்துப் பணம் வரவேண்டுமோ அந்தக் காகிதத்தையே நீட்டுங்கள்.

நான் ஒரே பெண். பூப்பல்லக்கு தெருமுனையில் திரும்பியதும் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. தடுக்க வந்த அத்தையின் கை என் முந்தானையைப் பிடித்தது, அப்புறம் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். மாசியில் மயானக் கொள்ளை என்றால் அங்காளம்மன் ஊர்வலத்தோடு மயானத்துக்குள் போய்ச் சுண்டலும் கொழுக்கட்டையும் பொறுக்குகிற பெண்களை யாரும் தடுப்பதில்லை. பெற்ற தகப்பனுக்குப் பின்னால் போனால்தான் சாத்திரம் வருகிறது. தாளமுத்து நடராசனுக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும் என்பது நைனாவின் ஆசை. பக்கத்தில் கிடைக்கவில்லை. நாற்பது தப்படி தள்ளிக் கிடைத்தது. முதல் பிடி மண்ணை நான் போட்டேன்.

இதற்குப் பிறகுதான் பெரிய தவறு. பதினாறாம் நாள் காரியத்துக்குள் கல்லறை கட்டிவிட வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம். செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, கடப்பைக் கல்லில் எனாமல் பெயிண்டால் பெயர் எழுதி ஊன்றினோம். அன்று ராத்திரி வீட்டு வாசலில் கானா கச்சேரி. தெருவே விடிய விடிய உட்கார்ந்து, சிரித்து, அழுது கேட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் மண் இறங்கியது, கட்டியது அத்தனையும் நடுவில் பிளந்துகொண்டது.

தோண்டி மூடிய மண் இறுகவே இல்லை என்பது கொத்தனாருக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் போகட்டும். அதுவரை மண்மேடும் சுற்றிலும் நாலு கல்லும் போதும். கட்டும் முன்னால் கட்டலாமா, எவ்வளவு உயரம் என்று மயான அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பெயரை எழுதாதீர்கள், வெட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் எங்கள் வெயிலுக்கு மூன்று வருஷம் தாங்கவில்லை.

2012இல் மாதவரத்துக்குக் குடிபோனோம். மகன் பிறந்தான். முதலில் மாதம் ஒருமுறை அமாவாசைக்குப் போய்க்கொண்டிருந்தேன், பிறகு நினைவு நாளுக்கு மட்டும், பிறகு அதுவும் வீட்டிலேயே படையல் என்று ஆகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மிதந்தபோதுதான், நைனா இருக்கும் இடம் என்ன ஆயிற்றோ என்று ராத்திரியில் நினைப்பு வந்தது. பொங்கல் கழிந்து போனேன். நாற்பது தப்படி நடந்தேன். செங்கல் இல்லை, கல் இல்லை. அந்த இடத்தில் புதிதாய் ஒரு மண்மேடு, மேலே வாடிய சாமந்தி.

தப்படி தப்பிவிட்டதா என்று திரும்பப் போய் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். அன்று என்னிடம் நைனாவின் கல்லறைப் புகைப்படம்கூட ஒன்று உருப்படியாக இல்லை. ஒன்றே ஒன்று, மாலையோடு கல்லை மட்டும் நெருக்கமாய் எடுத்தது. பின்னால் எதுவும் தெரியாது. கல் போய்விட்டால் அந்தப் படம் எதற்கு ஆகும்? இதை மட்டுமாவது செய்யுங்கள்: அடக்கம் பண்ணின அன்றே அந்த இடத்தில் நின்று நாலு திசையிலும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் மதில், தண்ணித் தொட்டி, விளக்குக் கம்பம் என்று நகராத ஏதாவது ஒன்று விழட்டும். போன் காட்டும் வரைபடப் புள்ளி சில மீட்டர் தள்ளி நிற்கும். சுடுகாட்டில் அது மூன்று பேரைத் தாண்டிய தூரம். தப்படிக் கணக்கை வீட்டு டைரியில் எழுதுங்கள். யாருடைய தப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் முதலில் எண்ணியது சித்தப்பாவின் கால், அவர் ஆறடி. நல்லவேளை, நான் அன்றைக்கே என் காலாலும் நடந்து பார்த்திருந்தேன்.

மண்வெட்டியோடு வந்த வயசான ஊழியர்தான் என்னை அடையாளம் கண்டார். "நீ அந்த பிரஸ்காரர் பொண்ணு இல்ல? பொம்பளையா வந்து மண்ணு போட்டியே." ஏழு வருஷம் முன்னால் நடந்தது. பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை, அழுத முகம் ஞாபகம் இருக்கிறது. இவரைப் போன்றவர்களை ஊரில் ஏதேதோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன். பெரிய பெரிய பதிவேட்டில் கிடைக்காதது அவர் தலைக்குள் இருந்தது.

"ரொம்ப நாளா யாரும் வரலைன்னா, அடையாளமும் இல்லைன்னா, என்னம்மா பண்றது? இடம் கம்மி, வர்றவங்க ஜாஸ்தி." அவர் சொன்னதில் எனக்குக் கோபிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் கோபம் வந்தது. நைனா எங்கே என்று கேட்டேன். "எங்கேயும் போகல. கீழ இருக்காரு. மேல இன்னொருத்தர் இருக்காரு, 2014ல வந்தவரு" என்றார். கடப்பைக் கல்லையும் அவரே காட்டினார். வெள்ளத்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்ட யாரோ எடுத்துக் குப்புறப் போட்டிருக்கிறார்கள். நைனாவின் பெயர் இருந்த பக்கம் சேற்றைப் பார்த்துக் கிடந்தது, மேலே எல்லாருடைய கால் தடமும்.

ரொம்ப நாள் கழித்து, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியன்னை ஆலயத்தைப் பார்க்கப் போனபோது இந்தக் கல் ஞாபகம் வந்தது. ஆலய முற்றத்தில் பாவியிருப்பதெல்லாம் கல்லறைக் கற்கள். இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் இருக்கும் பக்கம்தான் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அங்கிருந்த கல்லறைகளின் மறைவில் நின்று கோட்டையைத் தாக்கியதால், அப்புறம் அவற்றை இடித்து, கற்களை மட்டும் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். ஊரை ஆண்டவர்களின் பெயர்மேலும் நான் செருப்போடுதான் நடந்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

அன்றைக்கு அந்த ஆறுதல் எல்லாம் இல்லை. ஊழியர் அண்ணனும் நானும் கல்லைத் தூக்கிக் கழுவி, அந்தப் புது மேட்டின் தலைமாட்டில் ஊன்றினோம். "மேல இருக்கிறவரு வூட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமை காலையில வருவாங்க, பேசிக்கோ" என்றார். வெள்ளிக்கிழமை போனேன். மீன் கூடையை மதிலோரம் இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா நின்றிருந்தார். காசிமேட்டில் எடுத்து வீடு வீடாக விற்கிறவர். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க வூட்டுக்காரரு தலைமேல கல்லு வச்சது நீதானா?" என்றார். நானும் விடவில்லை. எங்க நைனா மேல குழி வெட்டினது யாரு என்றேன். இரண்டு பேரும் கத்தினோம். பக்கத்தில் சாங்கியம் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் சமாதானத்துக்கு வரவே இல்லை, வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கத்தி முடித்த பிறகு அந்த அம்மாதான் முதலில் உட்கார்ந்தார். "உங்க நைனா என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் போனவர். படிக்கத் தெரியாதாம், ஆனால் ஜனவரி 25க்குக் கூட்டத்தில் நின்று கைதட்டிவிட்டு வருவாராம். "அப்ப ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துகூட இருந்திருப்பாங்க" என்றார். இருக்கலாம்.

புதுக் கல் வெட்ட முடிவு செய்தோம். கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். "எழுத்துக்குக் காசா? அப்ப நல்லவேளை, எங்காளு பேரு சின்னது" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் பெரிதாக எழுதி, இரண்டு வீட்டிலும் காட்டி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கொடுத்தேன். ஒருமுறை பட்ட அடி போதும்.

2017 கடைசியில் மயான நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றதும் எதிர்ப்பு எழுந்தது. தியாகிகள் இருக்கும் மண் என்று தலைவர்கள் பேசினார்கள். நான் அறிக்கை, கூட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டபோது, "தியாகிங்க இடத்தைத் தொடக் கூடாது, நம்ம ஆளுங்க இடத்தையும் தொடக் கூடாது. ஆனா மழை வந்தா இடுப்பளவு தண்ணியில நிக்கிறவளுக்கும் வீடு வேணுமில்ல?" என்றார். கையெழுத்தும் போட்டார். இப்போது வீடுகள் எழும்பி நிற்கின்றன. மாடிகளில் துணி காய்வதைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு மாதிரியும் தோன்றுகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜனவரி 25 அன்று காலையில் போனால் கார்களுக்கும் மைக்குக்கும் நடுவில் நம் ஆளுக்குப் பூ வைக்க முடியாது. மத்தியானத்துக்கு மேல் போங்கள். மழைக்காலம் முடிந்த முதல் தடவை காலில் ஷூ போட்டுப் போங்கள். உடைந்த பாட்டில் இருக்கும், புல்லுக்குள் பூச்சிபொட்டு இருக்கும். அரிவாள், துடைப்பம், தண்ணீர்க் கேன் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஊழியருக்குத் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் நினைத்துக்கொண்டு காசு கொடுப்பதைவிட, போகும்போதெல்லாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். என் மகன் அங்கேதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றான். ந-ட-ரா-ச-ன் என்று ஆரம்பித்து வழியில் இருக்கிற பெயரெல்லாம் படித்துக்கொண்டே நாற்பது தப்படி வருவான். அவன் காலுக்கு அப்போது தொண்ணூறு. போன வருஷம் எண்ணியபோது நாற்பத்திரண்டு.

பொங்கலுக்கு முன்னால் கல்லைச் சுற்றி வெள்ளையடிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு வருஷம் அவர்கள், ஒரு வருஷம் நாங்கள். மார்கழி பிறந்ததும் போன் வந்தது. பின்னால் மீன் ஏலம் போடும் சத்தம்.

"இந்த வருஷம் சுண்ணாம்பு உன் முறையா, என் முறையா?"

"உங்க முறைதான்க்கா. போன வருஷம் நான்தான் வாங்கினேன்."

"போன வருஷம் நீ வாங்கினது பத்தல, பாதியில பால்காரன் வூட்டுல கேட்டு வாங்கினோம். அதனால இதுவும் உன் முறைதான்" என்று வைத்துவிட்டார்.